மருமகனின் தோட்டாக் கோதும் மாமியின் புளியும்

இரண்டு சனிக்கிழமைக்கு முன்பு என் மருமகனின் மானத்தைப் புளியில் ஊறப்போட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள்... முதலில் கதையைக் கேளுங்கள்.

மருமகன் பெயர் நேசன். என் மகள் வதனியின் புருஷன். ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் கார் திருத்துகிற வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரேயொரு பைத்தியம்தான் — துவக்குச் சுடுவது. பயந்துவிடாதீர்கள்! எங்கள் ஊரில் அதற்கென்றே ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. லைசன்ஸ், சோதனை, பூட்டிய இரும்பு அலமாரி எல்லாம் உண்டு. கடதாசியில் ஒரு கறுப்பு வட்டம். நூறு மீற்றர் தள்ளியிருந்து அதன் நடுவில் ஓட்டை போட வேண்டும். அவ்வளவுதான்.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தது, இஞ்சை காசு குடுத்து வெடி வைக்கவோ தம்பி?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன்.

"மாமி, இஞ்சை திருப்பிச் சுட ஒருத்தரும் இல்லை" என்றார்.



இந்த விளையாட்டுக்காரர்களில் பலர் தோட்டாவைப் புதிதாக வாங்குவதில்லை. சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கோதைப் பொறுக்கி வந்து, கழுவி, வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைத்துத் திரும்பப் பாவிப்பார்கள். அதற்கும் தனி லைசன்ஸ். நேசனிடம் இருக்கிறது. நாங்கள் ஜாம் போத்தலைக் கழுவி ஊறுகாய் போடுவதில்லையா... அதே சிக்கனம்தான்.

ஆனால் உக்ரேனில் சண்டை தொடங்கியதிலிருந்து தொழிற்சாலைகள் எல்லாம் ஆமிக்குத்தான் செய்கின்றனவாம். விளையாட்டுக்காரருக்கு மருந்து இல்லை, குண்டு இல்லை, கோது இல்லை. எங்கேயாவது இருந்தாலும், விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையைத் தேட வேண்டும். நேசன் கடை கடையாக ரெலிபோன் எடுப்பார். ஒவ்வொரு கடையும், "ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்."

இந்த நேரத்தில்தான் மாவட்டப் போட்டி வந்தது. கழகத்து அணியில் நான்கு பேர். பதினொரு வருஷம் பின்வரிசையில் நின்ற நேசனுக்கு இந்த முறைதான் நாலாவது இடம் கிடைத்தது. கழகத்தில் ஒரேயொரு தமிழன் வேறு. அவரவர் தங்கள் தோட்டாவோடு வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. பிள்ளை என்ன செய்தார்? மிச்சமிருந்த கடைசி மருந்தை இதற்கென்று ஒதுக்கினார். தன் துவக்குக்குச் சரியாகப் பொருந்துகிற அறுபது கோதைத் தெரிந்தெடுத்தார். கழுவுகிற மெஷின் பழுது. "இரவு வந்து கையாலை தேய்ப்பம்" என்று அவற்றை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, எங்கள் வீட்டு நிலவறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பித்தளை! குத்துவிளக்கும் செம்பும் தேய்த்த கை, கறுத்த பித்தளையைக் கண்டால் சும்மா இருக்குமா?

வெறும் கோதைத் தொட லைசன்ஸ் தேவையில்லை. மருந்து இருக்கிற அலமாரியின் சாவி மருமகனிடம் மட்டும்தான். ஆகவே நான் சட்டத்தை மீறவில்லை. புளியைக் கரைத்தேன், உப்புப் போட்டேன், அதே டப்பாவுக்குள் அறுபதும் மூழ்க ஊற்றி மூடினேன். ஐந்து நிமிஷம் ஊறட்டும், பிறகு தேய்க்கலாம் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து நிமிஷத்துக்குள் கோயில் கூட்டாளி கமலாக்கா காரோடு வந்து கோர்ன் அடித்தா. கோயிலுக்குப் போனோம். பூசை முடியச் சாப்பாடு. சாப்பாடு முடிய, யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்கிற அவசர விஷயம். வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது.

டப்பாவைத் திறந்தேன். தங்கம் மாதிரி மின்ன வேண்டிய சாமான், ரோஸ் நிறத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது. கழுவினேன். தேய்த்தேன். சீலையால் துடைத்தேன். ரோஸ் ரோஸாகவே நின்றது.

"அம்மா! உங்களை ஆர் கேட்டது?" வதனி கத்தினாள். "போட்டிக்கெண்டு வைச்ச கோதல்லோ அது!"

"கறுத்துக் கிடந்துது பிள்ளை... ஒரு உதவியா இருக்குமெண்டு..."

"ஓம், நல்ல உதவி! இனி சாமத்தியச் சடங்கு வீட்டிலை பலகாரத் தட்டைச் சுத்தி அடுக்கலாம்!"

அதற்குள் நேசனும் வேலையால் வந்துவிட்டார். ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புளிப்புக் கனநேரம் பிடிச்சா பித்தளை உக்கிப்போகும் மாமி. சுடேக்கை கோது கிழியலாம். முகத்துக்குக் கிட்ட."

டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அப்ப வேண்டாம் தம்பி! எறிஞ்சுபோட்டு வேறை வாங்குவம்."

"வேறை எங்கை மாமி இருக்கு?" என்றார். பிறகு மெதுவாக, "பரவாயில்லை."

பரவாயில்லை! தமிழில் இதைவிடப் பயங்கரமான சொல் உண்டா? ஜெர்மன்காரனுக்குக் கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பிறகு கோப்பி குடிப்பான். எங்கள் மருமக்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அடுத்த நாளிலிருந்து நேசன் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவினார். "சாப்பிட்டியளோ மாமி?" என்று மூன்று நேரமும் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நேசன் கோதுகளையும் எடுத்துக்கொண்டு, அணித் தலைவர் ஹெல்முட்டின் வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லப் புறப்பட்டார். ஹெல்முட் இரும்பாலையில் உலோகம் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன்.

"நானும் வாறன்" என்றேன்.

"வேண்டாம் மாமி."

"என்ரை பிழைக்கு நீங்கள் ஏன் தலை குனிய வேணும்?" என்று சொல்லி, அவருக்கு முன்னாலேயே காரில் ஏறி இருந்துவிட்டேன்.

ஹெல்முட் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மனுஷன் மன்னிக்கட்டும்.

"எதுக்குள்ளை ஊறப்போட்டனீங்கள்?"

கைப்பையிலிருந்து புளிப் பக்கற்றை எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்தார். கொஞ்சம் பிய்த்து வாயில் வைத்தார். ஒரு கண் மூடிக்கொண்டது, காது இரண்டும் மேலே போயின.

"இதைச் சாப்பிடுவியளோ?"

"ஒவ்வொரு நாளும்" என்றேன்.

"அப்ப உங்கடை வயிறு என்ன நிறம்?"

நேசனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

ஹெல்முட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாலு கோதை நடுவால் வெட்டி உள்ளே பார்த்தார். குறட்டால் நெரித்துப் பார்த்தார் — நொறுங்குகிறதா, வளைகிறதா என்று. வளைந்தது. மிச்சத்தை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். நாலைச் சந்தேகத்தில் எறிந்தார். இரண்டு மணித்தியாலம்! நானும் நேசனும், பிள்ளைக்குச் சோதனை முடிவு வருமென்று ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி அங்கிருந்த மர வாங்கில் இருந்தோம்.

"நிறம் தோலிலைதான்" என்றார் கடைசியாக. "உள்ளுக்குப் பித்தளை நல்லா இருக்கு. இந்த ஐம்பத்திரண்டையும் தாராளமாப் பாவிக்கலாம்."

போட்டிக்கு நாற்பது போதும். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன்.

வெளிக்கிடும்போது ஹெல்முட் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விலை ஏறினதிலை இருந்து நான் மனிசியின்ரை பல்செட் கழுவுற குளிசையைக் கரைச்சுத்தான் கோது கழுவுறன். அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பார்த்தீர்களா? தட்டுப்பாடு வந்தால் சாமானை ஒளிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார், இருப்பதை வைத்துச் சமாளிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார். இரண்டு பேராலும் ஆபத்தில்லை. கேட்காமல் உதவி செய்ய வெளிக்கிடுகிற மூன்றாவது ஆளைத்தான் வீட்டில் கட்டிப்போட வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. கன்ரீனில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பொத்தினாலும் கேட்கிறதே! ஒவ்வொரு வெடிக்கும், ஐயோ என்ரை பிள்ளையின்ரை முகம்... ஐயோ முகம்... வதனி என் கையைப் பிடித்தபடி, "இது அவரின்ரை இல்லை அம்மா, பக்கத்து ஆளின்ரை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லா வெடியும் பக்கத்து ஆளுடையதாகவா இருக்கும்?

கடைசியில் கதவு திறந்தது. நேசன் வந்தார். முகம் முழுசாக இருந்தது. கண், மூக்கு, அந்த அரைகுறை மீசை, எல்லாம் வைத்த இடத்தில். அணிக்கு மூன்றாம் இடம். அடுத்த போட்டிக்கும் அதே நாலு பேர்தான் என்று ஹெல்முட் அங்கேயே அறிவித்துவிட்டார். பக்கத்து ஊர்க் கழகத்து ஆள் ஒருவர் ரோஸ் கோதைக் குனிந்து பார்த்து, "இது என்ன புதுக் கம்பனி? எங்கே வாங்கினீர்கள்?" என்று இரகசியமாகக் கேட்டாராம்.

"குடும்பத் தயாரிப்பு" என்றாராம் நேசன்.

காரில் ஏறினோம். சந்தி திரும்பினோம். பிறகு தொடங்கினார் பாருங்கள்...

"மாமி, இனி என்ரை சாமானிலை கை வைச்சுப் பாருங்கோ! ஒரு சொல்லுக் கேக்க ஏலாதே உங்களாலை? ஒரு கிழமை எனக்கு நித்திரை இல்லை! பதினொரு வருஷம் காத்திருந்தது புளிக்கஞ்சி குடிக்கவோ? இதிலை சீலையாலை வேறை துடைச்சிருக்கிறியள்..."

"இஞ்சேருங்கோ, காணும் விடுங்கோ" என்றாள் வதனி.

"விடு பிள்ளை, பேசட்டும்" என்றேன்.

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியும் பேசினார், இறங்கியும் பேசினார். இருபது நிமிஷம் நல்லாய் வாங்கிக் கட்டினேன். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்!