பேர் சொல்லப் பல் வேண்டும்

பல் போனால் ஊனமில்லையாம். கை போனால் ஊனம், கால் போனால் ஊனம், கண் போனால் ஊனம். பல் போனால் பல் போய்விட்டது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிய நாட்களில், வைகைக்கு அக்கரையில் இருந்த பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா எனக்கு இதை விளக்கிய தோரணையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் வாயில் முப்பத்திரண்டும் இருந்தன. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டேதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். பர்மா எல்லையில் ஒரு மழைநாள் காலையில் லாரி கிளம்பவில்லை. முன்னால் போய் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்றியிருக்கிறார். இன்ஜின் உதைத்ததில் ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று வாயில் அடித்தது. முன்பற்கள் மேலும் கீழும் மொத்தமாகப் போயின. தாடை எலும்பும் உடைந்தது. பட்டாள ஆஸ்பத்திரியில் அதை ஒட்டவைத்தார்கள், கோணலாக. பொய்ப்பல் செட்டு ஒன்றும் கொடுத்தார்கள். கோணல் தாடையில் அது எப்படி உட்காரும்? அலமாரியில் ஒரு தம்ளருக்குள் கிடந்து எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

மதுரையை ஒட்டிய விளாங்குடிக்குத் திரும்பியவர் கூழும் ஊறவைத்த இட்லியுமாகக் காலம் தள்ளினார். நல்லி எலும்பை உறிஞ்சாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழியாத மனிதர். அதுகூடப் போகட்டும். தாடையில் வலி ஏறினால் கண் இருட்டிவிடும். முன்பு திண்டுக்கல் ரோட்டில் பஸ் ஓட்டியவர் என்று பழைய முதலாளியிடம் போனால், "ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே மயங்கிட்டீருன்னா யாருய்யா பதில் சொல்றது?" என்று அனுப்பிவிட்டார். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய வாத்தியார் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. அது அவருக்குத் தாடையைவிட அதிகமாக வலித்தது. ஊனப் பென்ஷன் கிடைத்தால் மனிதர் தலை நிமிர்வார். அதற்காகத்தான் அந்த ஆபீஸ் படி ஏறினோம்.

ஏறியதும் குமாஸ்தா பேர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் பேரில் தகரமும் உண்டு, நகரமும் உண்டு. பல்லில் நாக்கு பட்டால்தான் இந்த இரண்டு எழுத்தும் பிறக்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பதே அதுதான். இவருக்கு நாக்கு படப் பல் ஏது? காற்றுத்தான் வந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் காற்று.

"என்னய்யா முனங்குற? ஏம்மா, நீயாச்சும் சொல்லு."

நான் எப்படிச் சொல்வேன்? புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். ரேஷன் கடையில்கூடக் குறிப்புக் காட்டியே ஓட்டியவள்.

"பழநி மலையில கோவணத்தோட நிக்கிறாகள்ல, அந்தச் சாமி பேருங்க."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று, நான் தமிழில் எழுதிக் காட்டுவதற்குள் சரசரவென்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டலாமென்றால், அது வரும் வழியிலேயே ரயிலில் பெட்டியோடு களவு போயிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வந்தோம்.

மாதக்கணக்கில் காத்திருந்தபின் பதில் வந்தது. டவுனில் கடிகாரக்கடை வைத்திருந்த பாய்க்கு இங்கிலீஷ் தெரியும். இவர் பஸ் ஓட்டிய நாளிலிருந்து சிநேகிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"தங்கச்சி, இந்தப் பேருல ஒரு டிரைவரே பட்டாளத்துல இல்லைங்கிறான். இது யாரு பேரும்மா?"

படித்துக் காட்டினார். பழநி மலைச் சாமியின் பேர்தான். ஆனால் என் வீட்டுக்காரர் பேரில்லை. அந்தச் சாமிக்குத்தான் தெருவுக்கொரு பேர் இருக்கிறதே! குமாஸ்தா தமக்குப் பிடித்த ஒன்றை எழுதித் தொலைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குமாஸ்தாவைத் திட்டினேன், சாமியைத் திட்டினேன், வீட்டுக்கு வந்து இவரையும் விடவில்லை.

"எம்புட்டு தடவ சொன்னேன், கையெழுத்தாவது போடப் படிங்கன்னு! கேட்டீகளா?"

'நீ குறிப்புச் சொன்ன லட்சணந்தான் இது' என்று அவர் பதிலுக்குக் கத்தினார். அப்படித்தான் கத்தினார் என்பது எனக்கு மட்டுமே தெரியும். பல் போனபிறகு அவர் பேச்சு வேறு யாருக்கும் விளங்காது. சண்டை போடக்கூட நானேதான் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாய் சரியான பேரைப் போட்டு மறு மனு எழுதிக்கொடுத்தார். டாக்டர் பரிசோதனைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. போனால் டாக்டர் பக்கத்தில் அதே குமாஸ்தா, அதே வெற்றிலை.

டாக்டர் பட்டாள உடுப்பில் இருந்தார், நம் பக்கத்து ஆள்தான். "உன் பேர் என்னப்பா?" என்றார். இவர் சொன்னார். காற்று.

"சார், போன தடவ வேற பேரு குடுத்தவன் இவன். சீட்டும் கையில இல்ல. ஆள்மாறாட்டம் சார்" என்றார் குமாஸ்தா.

டாக்டர் பேனாவை மூடினார். "இன்னிக்கு ஆள் யாருன்னு தெளியலைன்னா மனுவத் தள்ளிருவேன். நீ சம்சாரமா? நீ சொல்லும்மா."

"எழுதிக் காட்டுறேங்க."

"மனுவுல உள்ளதப் பாத்து யாரும் எழுதலாம். வாயால சொல்லு. மலை, சாமின்னு மறுபடி ஆரம்பிக்காத" என்றார் குமாஸ்தா. எழுதினால் பொய், சொன்னால் மெய்யாம். என்ன ஞாயமோ!

இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம், வா போவோம் என்றார். குண்டு விழுந்த ரோட்டில் லாரி ஓட்டியவருக்கு நான் வாய் திறப்பது பயம்! பென்ஷன் போனாலும் பரவாயில்லை, ஆயுசு முக்கியமாம். கூழைக் குடித்துக்கொண்டு மூலையில் கிடக்கும் ஆயுசு. எனக்குப் பொறுக்கவில்லை.

சொன்னேன். மாமனார் பேரையும் சேர்த்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில் சொன்னேன். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "போன தடவ நான் பேரே சொல்லலீங்க. இவுகளா எழுதிக்கிட்டாக" என்பதையும் அதே குரலில் சொன்னேன். குமாஸ்தாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

டாக்டர் மனுவில் இருந்த பேரைச் சரிபார்த்துவிட்டு எழுந்து வந்து தாடையை அழுத்தினார். இவர் துள்ளினார். இன்னும் அழுத்திப் பார்த்துவிட்டுக் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "வெறும் பல்லுக்குக் கிடையாதுதான். இங்க எலும்பே துண்டா போயிருக்கு, பொய்ப்பல் நிக்காது. ஊனம்னு எழுது." ஊனத்திலும் படிகள் உண்டாம். இவருக்குக் கிடைத்தது கடைசிப் படி, அதற்குரிய சின்னப் பென்ஷன். படியிலாவது ஏற்றினார்களே என்று வெளியே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோமோ என்று எனக்குப் பயம். அதை மறைக்க எரிந்து விழுந்தேன்.

"இப்ப என்ன, பேரச் சொன்னதுக்குக் கோவமா?"

அவர் திரும்பி என் பேரைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து 'ஏத்தா', 'இங்க பாரு' என்பதைத் தவிர எதையும் சொல்லாதவர். என் பேரில் தகரமும் இல்லை, நகரமும் இல்லை. முழுசாக வந்தது.

மதுரையில் தெருவுக்கு நாலு பேருக்கு வைக்கிற பேர்தான். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி, "என்னையவா கூப்டீக?" என்று அவரைக் கேட்டாள்.