தூக்காத இடது கை

பெரிய காஞ்சிபுரத்தில் நான் பல் டாக்டராக உட்கார்ந்த முதல் வருடம். ஓரிக்கையிலிருந்து தறி நெய்யும் அம்மா ஒருவர் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்தார். மெல்லிய கம்பியை வேருக்குள் விட்டு, எக்ஸ்ரேயில் நீளத்தை அளந்த பிறகுதான் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே கூட்டம். வழக்கமான நீளம்தான் இருக்கும் என்று அளக்காமலே ஆரம்பித்துவிட்டேன்.

“வலிச்சா இடது கையத் தூக்குங்கமா” என்றேன். அவர் தூக்கவே இல்லை.

சந்தேகம் வந்து, கம்பி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தேன். அது வேர் நுனியைத் தாண்டி வெளியே நின்றது. உயிர் போகிற வலி இருந்திருக்கும்.

“ஏம்மா கையத் தூக்கல?”

“நீங்களே பயந்துக்கினு இருந்தீங்கமா. நான் வேற தூக்கினா உங்க கை நடுங்கும்னு விட்டுட்டேன்.”

அளக்காதது என் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்து வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். அன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் வரவே இல்லை.

இன்றும் ஓரிக்கை பஸ்ஸைப் பார்த்தால் ஜன்னல் ஜன்னலாக அந்த முகத்தைத் தேடுகிறேன். அளக்காமல் எந்த வேரையும் தொடுவதில்லை. ஆனாலும் யாராவது இடது கையைத் தூக்கும்போது, அந்த அம்மாவே கடைசியில் தூக்கிவிட்டார் என்று ஒரு கணம் மனது ஆறுகிறது.