அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்ன கோழிக்கறி

மூணு வருசம் முந்தி, ஒரு சித்திரை வெயில்ல, ஹைதராபாத்திலிருந்து கோயமுத்தூர் திரும்பும்போது நடந்தது இது. நான் அஞ்சாவதோட படிப்பை விட்டவன். சிங்காநல்லூர்ல ஒத்தை லேத்தை வெச்சு ஆரம்பிச்சு, இன்னைக்கு என் பம்பு ஓடாத மாநிலம் இல்லை. அவசரம்னா குட்டி விமானத்தையே வாடகைக்கு எடுத்துட்டுப் போவேன். பெருமைக்குத்தான் சொல்றேன், உழைச்சவன் சொல்லிக்கலாம்.

அன்னைக்கு ஓட்டினது ரெண்டு பைலட். ஐம்பது வயசுக் கேப்டன், துணைக்கு ஈரோட்டுப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி. நமக்கு வண்டி ஓட்டறவங்களைப் பட்டினி போடறது எங்க பக்கம் வழக்கமில்லை. என் சம்சாரம் விடியக்காலமே நாட்டுக்கோழி வறுத்து, அவங்களுக்குன்னு கட்டிக் கொடுத்திருந்தா. காலையில விமானத்துல கூடவே கொண்டுபோன அது, ஹைதராபாத்துல மதியம் வரைக்கும் வெயில்ல நின்ன வாடகைக் கார்லயே கிடந்துச்சு. நான் மீட்டிங்கில சாப்பிட்டுப்போட்டு ஏர்போர்ட்டுக்கு வந்து, கறி இருந்த தூக்குப்போசியை நீட்டினேன். கேப்டன் ருசிச்சுச் சாப்பிட்டார். அந்தப் பொண்ணு தொடலை.

"ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாதுங்கய்யா. ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா இன்னொருத்தர் ஓட்டணுமில்லீங்க."

"எங்க ஊட்டுச் சோத்துல வெசமா வெச்சிருக்குது அம்மணி?"ன்னு கேட்டுப்போட்டேன். அவ முகம் சுண்டிப்போச்சு. இருந்தும் பையிலிருந்த பிஸ்கட்டைத்தான் தின்னா.

மேலே ஏறி முக்கால் மணி நேரத்துல கேப்டன் வாந்தியெடுத்து, மயங்கி அப்படியே முன்னால சரிஞ்சார். அவர் உடம்பு ஸ்டியரிங்கை அழுத்த, விமானம் மூக்கைக் கவுத்துச்சு. எச்சரிக்கை மணி அலறுது, இங்கிலீஷ்ல ஒரு குரல் விடாம என்னமோ சொல்லுது. மோட்டார் சத்தத்தை வெச்சே கோளாறு சொல்றவன் நான். அந்தச் சத்தம் எனக்கு ஒண்ணும் விளங்கலை. அவளுக்கு விளங்குச்சு.

"ஐயா, அவரைப் பின்னால இழுத்துப் புடிச்சுக்குங்க. உட்டுராதீங்க." குரல் உசரவே இல்லை.

இழுத்தேன். அவ விமானத்தை நேராக்கினதும் மணி நின்னுச்சு. பெங்களூர்ல இறக்கற வரைக்கும் கேப்டன் தலையை என் தோள்ல சாச்சு, வேட்டித் தலைப்புல அவர் வாயைத் துடைச்சுட்டே இருந்தேன்.

"மூச்சு வருதுங்களா?"ன்னு திரும்பாமலே கேட்பா.

"வருது கண்ணு"ம்பேன்.

கெட்டுப்போன சாப்பாடுதான்னு டாக்டர் சொன்னார். கேப்டன் ரெண்டு நாள்ல எந்திரிச்சு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவுல அவகிட்ட மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்துச்சு.

"அந்த வாசத்துக்கு வேண்டாங்கறது எனக்கும் கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு"ன்னு சிரிச்சா.

ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவன்னு மார் தட்டற எனக்கு, நம்ம மேல இருக்கற அக்கறையில வேண்டாம்னு சொல்றவங்களும் உண்டுன்னு புரிய இத்தனை வயசாச்சு.