அம்மா துடைத்தெடுத்த சிவப்புப் பொட்டுகள்

அம்மாவின் ஓராண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கிப் படிக்கும் சொந்தங்களுக்கு என் வணக்கம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லும் மலர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இந்தச் சந்தேக புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா ஜெஞ்சாரோமுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, பழுதான சோதனைக் கருவிகளைப் பிரித்துச் சரிசெய்யும் வேலையை அங்கேயே கற்றார். அப்பா காலமான பிறகு, அதே தொழிற்சாலையின் கருவிகளைக் கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டுக்கே வரவழைத்து, முன்கூடத்தில் மேசை போட்டுச் சரிசெய்தார். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன்.

அம்மா எவரையும் எளிதில் நம்பமாட்டார். சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும், பிளக்கைப் பிடுங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டுதான் மூடியைக் கழற்றுவார். மீட்டர் ஓர் எண்ணைக் காட்டினால், அந்த மீட்டரே சரியா என்று வேறொரு மீட்டரால் பார்ப்பார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பார். பிறகு யாராவது திறந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு முறை, அவர் சரிசெய்து அனுப்பிய பவர் சப்ளை கருவி ஒன்று திரும்பி வந்தது. வைத்த அளவை மீறி மின்சாரம் பாய்ந்து, தொழிற்சாலையில் சோதனைக்கு வைத்திருந்த மின்சுற்றுப் பலகைகள் கருகிவிட்டனவாம். அம்மா அந்த ஸ்க்ரூக்களை வெகுநேரம் பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளே ஆராய்ந்தார். பிறகு பஞ்சை ரிமூவரில் நனைத்துப் பொட்டுகளைத் துடைத்தெடுத்தார். மேலாளரிடம் தொலைபேசியில், "என் மிஸ்டேக்தான் சார். உள்ள ஒரு வயர சரியா மாட்டல" என்றார். அதோடு அந்த வேலை போயிற்று. அதன்பின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று உழைத்தார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தவறை ஒப்புக்கொண்டவர் எதை மறைக்கத் துடைத்தார்? கேட்டால், "ஒன் வேலய பாரு" என்பார். நோயில் படுத்திருந்த கடைசி நாள்களில் கேட்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறுதிச் சடங்கின்போது என் சந்தேகம் மாமாவின் மேல் திரும்பியது. அம்மாவின் ஒரே தம்பி. கருவிகளைத் தம் வேனில் மேருவுக்குக் கொண்டுபோனவர். பந்தல், சாப்பாடு, பூ எல்லாவற்றையும் தாமே ஓடியாடிக் கவனித்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கிரியை முடிந்ததும் நேராகவே கேட்டேன்: "மாமா, என்ன மறைக்கிறீங்க?"

அவர் உடைந்து அழுதார். "வேன்லேர்ந்து எறக்கறப்ப அந்த பவர் சப்ளை கை தவறி விழுந்துருச்சும்மா. உள்ள லொடலொடன்னுச்சு. பயந்துபோயி நானே தொறந்து, கழண்ட வயர சொருகி மூடிட்டேன். அக்காகிட்ட சொல்லல. ஆனா அதுக்குத் தெரியும்லா. வேல போன மறுநாளு கூப்ட்டு சோறு போட்டுச்சு. ஒரு வார்த்த கேக்கல."

தொழிற்சாலையில் எவரும் உடைந்த பொட்டைக் கண்டால் வழியில் யாரோ திறந்தது தெரிந்துவிடும். வழியில் தொட்டவர் மாமா ஒருவர்தான். யாரையும் நம்பாத அம்மா, தம்பிக்காகத் தம் பெயரைக் கெடுத்துக்கொண்டார். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் நன்றி. தொழிற்சாலையில் அம்மாவோடு வேலை செய்தவர்களுக்கும் இந்த மலர் போகிறது. உண்மையை அவர்களும் அறியட்டும் என்று இதை எழுதச் சொன்னவர் மாமாதான். நான் முதலில் 'உறவினர் ஒருவர்' என்றே எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாமா பேனாவை வாங்கி அதை அடித்தார்.

"ஒனக்கு மாமா நான் ஒருத்தன்தானே. மாமான்னே போடு" என்றார்.