முன்பனி எப்போது வரும்?

இன்று மாலை பினாங்கு டிராமில் நான்காம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே வந்தேன். ஒரு தாளில் பேனா நின்றுவிட்டது.

கேள்வி: முன்பனிக்காலம் எப்போது வரும்?

மதராஸிலிருந்து வரும் பாடப்புத்தகத்தின்படி மார்கழியும் தையும்.

செல்லம்மாள் எழுதியிருந்தாள்: ‘கொடிமலை ரயிலில் ஏறி உச்சிக்குப் போனால் வரும்.’

அவள் அப்பாவுக்கு அந்த மலை ரயில் பாதையில்தான் வேலை.

சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை காதர் பாய் என்னவென்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

“புள்ள சரியாத்தானே எழுதியிருக்கு?”

“மாசத்தைக் கேட்டிருக்கு, பாய்.”

“இது மார்கழிதானே? வேர்வையில சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு லா! பினாங்குல பனிக்காலத்த நீங்க பார்த்திருக்கீங்களா, வாத்தியாரே?”

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். ஆறு பருவங்களையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். கண்டதென்னவோ வெயிலும் மழையும்தான்.

“இந்த மார்க் இல்லைன்னா அவ தேற மாட்டா. போட்டா, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்க்கும்போது என்னைக் கேட்பாரு.”

“துரைக்கு வீடு எங்க?”

“கொடிமலையில பங்களா.”

“எதுக்கு அவ்வளவு தூரம் மேல போய் இருக்காராம்?”

“கீழே புழுக்கம் தாங்கலையாம்.”

“அப்ப அவரும் செல்லம்மா கட்சிதான்” என்று சொல்லிவிட்டு பாய் இறங்கிப் போய்விட்டார்.

தாள் இன்னும் மடியில் கிடக்கிறது. நீங்களாக இருந்தால் மார்க் போடுவீர்களா? மலைக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். நான் இதுவரை போனதில்லை.