பின் சீற்றுப் பொலித்தீன்

செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் மூன்று கார்க்காரர் ஆஸ்பத்திரி வளவில் ஒரே வாகை மரத்துக்குக் கீழே நிற்போம். உள்ளே எங்கள் ஆட்களின் இரத்தத்தை இயந்திரம் நாலு மணித்தியாலம் கழுவும். அந்த நாலு மணித்தியாலமும் வெளியே நாங்கள் கார்களைப் பற்றிச் சண்டை பிடிப்போம். நிழலில் படுத்துக் கிடக்கிற மான்கள் எங்கள் சத்தத்துக்கு எழும்புவதில்லை, அவற்றுக்குப் பழகிவிட்டது.

நான் கமலாதேவி. முப்பத்தொரு வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவள், வாயை மூடத் தெரியாதவள். என் மனுசன் சோமசேகரத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருசம். அவரை ஏற்றி இறக்குவது என் பழைய மாடல் ஹைபிரிட். மற்றவன் சிந்துஜன், துறைமுகத்தில் வேலை, தாயைக் கொண்டு வருவான். அவனிடமும் பழைய மாடல்தான். மூன்றாவது ஆள்தான் ஜவ்பர். நான் எழுத வந்தது அவரைப் பற்றி.

ஜவ்பர் கிண்ணியாக்காரர். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாத் துறையில் வாகனங்களை ஏற்றி இறக்கும் படகுப்பாதையில் கயிறு பிடித்தவர். பாலம் வந்தது, ஊர் சந்தோசப்பட்டது, அவருக்கு வேலை போனது. கத்தாருக்குப் போய்ப் பதினொரு வருசம் ஆருடையவோ காரை ஓட்டினார். திரும்பி வந்து ஹுஸ்னியாவைக் கட்டினார். இரண்டு பேருக்குமே வயது கொஞ்சம் ஏறித்தான் நடந்த கலியாணம். பிள்ளை இல்லை. ஐந்தாம் வருசம் ஹுஸ்னியாவின் கால் வீங்கத் தொடங்கியது. அதன்பிறகு எங்களைப்போல அவர்களுக்கும் கிழமையில் செவ்வாய், வெள்ளி என்று இரண்டே நாட்கள்தான் இருந்தன.

அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்ததும், ஓட்டிக்கொண்டிருந்த வானை விற்றுவிட்டு, எங்களுடைய அதே ஹைபிரிட் உருவம் மாறி வந்த புது மாடல் ஒன்றை ஜவ்பர் எடுத்தார். கிண்ணியாவில் அந்த மாடலில் முதலாவது கார் அதுதான் என்று சொன்னார்கள். கூலிக்கு ஹயர் ஓடத்தான் எடுத்தார், ஆனால் ஏன் அதை எடுத்தார் என்று எங்களுக்குத் தெரியும். வானில் வந்தால் ஹுஸ்னியாவுக்கு ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும்.

அன்றிலிருந்து வாகை மரத்தடி பாராளுமன்றமாகிவிட்டது.

"உதெல்லாம் முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி," என்பான் சிந்துஜன். "உடம்பைப் பதிச்சுப் போட்டான். வேகத்தடையில வயிறு இடிக்கும். பின்னால தலை தட்டும்."

"ஒரு லீற்றருக்கு இருபத்தெட்டு ஓடுது தம்பி," என்பார் ஜவ்பர். "எஞ்சின் நிண்டாலும் ஏசி நிக்காது. ஹுஸ்னியா நித்திரை கொண்டு வாறா. வேறென்ன வேணும்?"

நான் இரண்டு பக்கமும் அடிப்பேன். புது மாடலின் ஓட்டம் திறம், ஆனால் எல்லாவற்றையும் மூடி ஒளித்து வைத்திருக்கிறான் என்பது என் கட்சி. பழைய மாடலில் பற்றரி சூடாகாமல் காற்று இழுக்கிற துவாரம் பின் சீற்றின் தோள்பக்கத்தில், கண்ணுக்கு முன்னாலே இருந்தது. புதியதில் அது எங்கே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது. காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. கதவைத் திறந்தால் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். "அவ உங்களுக்குச் சலாம் சொல்றா," என்று ஜவ்பரைப் பகிடி பண்ணுவோம். அவரும் "வஅலைக்கும் ஸலாம்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஏறுவார்.

பொலித்தீனுக்கும் ஒரு விவாதம் நடந்தது. எங்கள் நாட்டில் புதுக் கார் எடுத்தவன் சீற்றில் வந்த பொலித்தீனைக் கிழிக்கமாட்டான். வெயிலில் முதுகு அவிந்தாலும், இருக்கும்போதும் எழும்பும்போதும் கரகரவென்று கத்தினாலும் கிழிக்கமாட்டான். பொலித்தீனோடு விற்கிற காருக்கு ஒரு தனி மரியாதை. சிந்துஜன், "கழட்டி எறியுங்க ஜவ்பர் நானா, மனுசர் இருக்கிற சீற்றோ, கருவாட்டுப் பெட்டியோ?" என்றான். ஜவ்பருக்கும் அரை மனம். ஹுஸ்னியாவுக்குச் சிறுநீரகம் கிடைத்து ஒப்பரேசன் முடிந்தால், மிச்சக் காலம் முழுக்க மருந்துக்கு இந்தக் காரைத்தான் விற்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார்.

"கழட்டாதேங்கோ தம்பி," என்று சொன்னவள் நான். "பிறகு விக்கேக்க நினைச்சுக் கவலைப்படுவியள்."

அதோடு விட்டேனா? இல்லை. பின் சீற்றுப் பொலித்தீன் வழுகி வழுகி ஹுஸ்னியா முன்னால் சறுக்குகிறா என்று கண்டதும், வீட்டிலிருந்து பார்சல் ஒட்டுகிற டேப்பைக் கொண்டு வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவ உள்ளே படுத்திருந்த நேரம், பொலித்தீனை இழுத்துச் சீற்றுக்குக் கீழே மடித்து, முன்பக்க விளிம்பு நீளத்துக்கு என் கையாலேயே ஒட்டினேன். அங்கே சின்னச் சின்ன ஓட்டைகளோடு ஒரு பிளாஸ்ரிக் தட்டும், அதன்மேல் ஜப்பான் எழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டும் இருந்தன. அலங்காரம் என்று நினைத்தேன். அதையும் சேர்த்து மூடினேன். வெப்பம் எப்படிக் கடத்தப்படும் என்று முப்பத்தொரு வருசம் கரும்பலகையில் எழுதியவள் செய்த வேலை இது.

"டீச்சர் ஒட்டினா அது ஒட்டு," என்றார் ஜவ்பர்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன் கோல் வந்தது. 

"டீச்சர், கண்டியில இருந்து கூப்பிட்டுட்டாங்க. ஆரோ ஒரு பொடியன் விபத்தில போயிட்டானாம். கிட்னி இருக்காம். பட்டியல்ல இவதான் முதல். பகல் ரெண்டு மணிக்குள்ள வரட்டாம். பிந்தினா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

"பிறகேன் கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? வெளிக்கிடுங்கோ!"

"வான் ஒண்டு பிடிக்கட்டா? இல்லாட்டிக் கார்லயே போகட்டா?"

"புதுக் கார் வாசல்ல நிக்க வான் என்னத்துக்கு?"

நான்தான் சொன்னேன். அந்தக் கேள்வியை அவர் வேறு ஆரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எல்லாம் பறந்த மாதிரிப் போனார்களாம். ஏசி முழு வேகத்தில். தம்புள்ளை தாண்டி மலை ஏறத் தொடங்கிய இடத்தில் முன் மீற்றர்ப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கும் ஜப்பான் எழுத்தில் ஒரு வரியும் எரிந்தன. சீற்றுக்குக் கீழே காற்றாடி அலறியது. அந்தப் பெண் குரல் ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. கார் மெதுவாகி, மெதுவாகி, நாலந்தைப் பக்கம் ஓரத்தில் நின்றுவிட்டது.

ஜவ்பர் அந்த எழுத்துக்களைப் போட்டோ எடுத்துச் சிந்துஜனுக்கு அனுப்பினார். சிந்துஜன் எனக்கு அனுப்பினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்து என்ன? காரை இறக்கிக் கொடுத்தவனுக்கு அனுப்பி, அவன் ஆரிடமோ கேட்டு, "பற்றரி சூடு, நிப்பாட்டி ஆற விடவும்" என்று பதில் வர இரண்டு மணித்தியாலம் போனது.

இடையில் வேறு வாகனம் பிடித்திருக்கலாம். ஆனால் அரை மணித்தியாலம் ஆறினால் கார் ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பி ஓடியது. ஐந்தாறு மைல் போனபின் திரும்ப நின்றது. இப்படி மூன்று தரம். ஒவ்வொரு தரமும் இனி நிற்காது என்று அந்த மனுசன் நம்பினார். நானும் போனில் "இனிப் போயிரும், பயப்படாதேங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாத்தளையில் காரை விட்டுவிட்டு ஒரு வானில் ஏறிப் போய்ச் சேர, மணி நாலே முக்கால்.

அந்த வெள்ளி ஹுஸ்னியா வழமைபோல டயலிசிஸுக்கு வந்தா. முகம் வற்றிப் போயிருந்தது. ஜவ்பர் மாத்தளைக்குப் போய்க் காரைத் திருத்திக் கொண்டு வந்திருந்தார். "பற்றரி சூடாகிப் போச்சாம்," என்றார். நான் பின் கதவால் எட்டிப் பார்த்தேன். பொலித்தீன் இல்லை. அந்தப் பிளாஸ்ரிக் தட்டின் ஓட்டைகளைச் சுற்றி டேப்பின் பசை ஊத்தையாக ஒட்டிக்கொண்டிருந்தது.  துவாரம் எங்கே என்று எனக்கு அப்போது தெரிந்தது.

சொன்னேனா? சொல்லவில்லை.

சிந்துஜன் தொடங்கினான். "நான் அப்பவே சொன்னனான், புது மாடல் சரிவராதெண்டு. நல்லா இருந்த துவாரத்தைக் கீழ கொண்டுபோய் வச்சிருக்கிறான், மடையன்."

"ஓம், டிசைன் பிழை," என்றேன் நான். உரத்துச் சொன்னேன். பழைய மாடலின் அருமை பெருமைகளை ஒரு மணித்தியாலம் விளக்கினேன். அப்படி ஒரு கோழை நான். ஜவ்பர் மரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹுஸ்னியா அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தா. கண்டியிலிருந்து இன்னொரு கோல் வரவில்லை. மழை தொடங்கிய கிழமை நெஞ்சில் தண்ணீர் கட்டி, ஒரு காலை நேரம் போய்விட்டா. கிண்ணியாவுக்குப் போனேன். பெண்கள் பக்கம் இருந்தேன். அக்காவைத் தாத்தா என்றே கூப்பிடுகிற அவவின் தங்கச்சி றிஷானா என் கையைப் பிடித்து, "தாத்தா உங்களப் பத்தித்தான் எந்நேரமும் கதைக்கிற, டீச்சர்," என்று அழுதா. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

இரண்டு மாதம் வாகை மரத்தடியில் ஜவ்பரின் இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு செவ்வாய் அதே காரில் வந்தார். அவருடைய ஊர் முஹம்மது தம்பி என்ற நோயாளியைக் கூலிக்கு ஏற்றி வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து, அந்தப் புது மாடலை எடுக்கலாமா விடலாமா என்று சிந்துஜனிடம் யோசனை கேட்க அவனோடு வேலை செய்கிற ஒருவர் வந்திருந்தார். சிந்துஜன் பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். அந்த மனுசர் ஜவ்பரைப் பார்த்து, "ஓட்டுற நீங்கள் சொல்லுங்கோ, எப்படி?" என்றார்.

"நல்ல கார்," என்றார் ஜவ்பர். "அதில ஒரு பிழையும் இல்ல. பின் சீற்றுக்குக் கீழ காத்துப் போக விடோணும், அவ்வளவுதான்."

அவர்கள் இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்து, அவரிடம் போனேன். 

"தம்பி, நான் ஒட்டின டேப்தான் அந்தத் துவாரத்தை மூடினது."

"தெரியும் டீச்சர். மாத்தளைக் கராஜில கழட்டேக்க நான் பக்கத்தில நிண்டனான்."

"அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கயில்ல? ரெண்டு ஏச்சாவது ஏசியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்லி ஏசுற? பொலித்தீன வெச்சிருக்க ஆசைப்பட்டது நான். மூணு தரம் அந்தக் கார நம்பினதும் நான்."

"ஹுஸ்னியாவுக்குத் தெரியுமோ?"

அவர் கார்ச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கண் என் பக்கம் வரவில்லை.

"டொக்டர் சிங்களத்தில என்னட்டத்தான் சொன்னார், பிந்திப் போச்சு, மத்த ஆளுக்குக் குடுத்திட்டமெண்டு. அவவுக்குச் சிங்களம் விளங்காது. என்ன சொல்றார், என்ன சொல்றார் எண்டு என்ர சேட்டப் பிடிச்சிக் கேட்டா. காரால போச்செண்டு சொல்ல எனக்கு வாய் வரயில்ல, டீச்சர். உங்கட ஒடம்புக்கு அது பொருந்தாதாமெண்டு சொல்லிட்டன்."

"ஐயோ தம்பி."

"பஸ்ஸில வாற வழியெல்லாம் அழுதா. என்ர இந்த ஒடம்பால உங்கள இவ்வளவு தூரம் அலைய வெச்சிட்டனே எண்டு. மௌத்தாகிற அண்டைக்கும் அதச் சொல்லித்தான் என்னட்ட மாப்புக் கேட்டா." சாவியைச் சேட்டுப் பைக்குள் போட்டார். "மன்னிச்சிட்டன் எண்டு சொன்னன், டீச்சர்."