அப்பா காத்த தையல்

எட்டு வயது வரை என் மேலுதட்டுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். வேறு யாருமில்லை, என் அப்பாதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பின்னும் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

நான் பிறக்கும்போதே மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. அண்ணத்திலும் ஓர் ஓட்டை. கைக்குழந்தையாக இருக்கையிலேயே கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்துவிட்டார்கள். அண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். கம்பெனியில் லீவு கிடைக்காமல் அப்பா முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது உதட்டில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. அப்பா என்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் கண்ணில் படவில்லை. வெளியே தெரியாமல் உள்தையல் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். கம்பெனி டெய்லர்களைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்டவும் செய்தாராம். அவர்களும் என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து, “நல்ல கை சுத்தமுங்க” என்று தலையாட்டிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்களாம்.

பின்னல் துணியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒரு கண்ணி நழுவினால் போதும், கோடு போட்ட மாதிரி அடி வரைக்கும் விட்டுக்கொண்டே போகும். அந்தப் பயத்தை அப்பா அப்படியே கொண்டுவந்து என் உதட்டில் வைத்துவிட்டார். நான் வாயை அகலத் திறந்து சிரிக்கக் கூடாது. முறுக்குக் கடிக்கக் கூடாது. கரும்பு இருக்கிற திசைக்கே போகக் கூடாது. காலையில் எல்லோரும் வேப்பங்குச்சியும் பல்பொடியுமாக வாசலில் நிற்பார்கள். நான் மட்டும் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வர வேண்டும். உதட்டுக்கு அடியில் விரலை விட்டால் தையல் இழுபடுமே! ரோஸ் நிறத்தில் தித்திக்கிற அந்தப் பல்பொடியைத் தம்பி உள்ளங்கையில் கொட்டி நக்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்றுக்கும் வயிறு எரியும். வேலை முடிந்து வந்ததும் அப்பா தம்பியைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார். எனக்குத் தலையில் செல்லமாக ஒரு தட்டு, அவ்வளவுதான். கோணல் மூஞ்சிக்கு இதுவே அதிகம் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வயதில் என் பெரிய ஆசை, ஒரு பாட்டில் கலர் சோடாவை ஒழுங்காகக் குடித்து முடிப்பது. மாமன் வரும்போதெல்லாம் வாங்கித் தருவார். குடித்தால் பாதி அண்ணத்து ஓட்டை வழியாக ஏறி, மூக்கை எரித்துக்கொண்டு வெளியே வரும். ஆரஞ்சு நிறத்தில் மூக்கு ஒழுகுகிறவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான். பேச்சும் மூக்கால்தான் வரும். பாடம் வாசிக்கச் சொல்லும் வாத்தியார் என் முறை வந்தால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவார். ஓட்டையை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால், கோடை லீவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். தெருவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

பெரிய டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அடைத்துவிடலாம் என்றார். பிறகு என் உதட்டைத் தூக்கினார். அப்பா பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே ஈறு சிவந்து வீங்கிக் கிடந்தது. ஈறிலும் இருந்த பிளவின் ஓரத்தில் புதிதாகக் கோணலாய் முளைத்திருந்த பல்லைச் சுற்றி அழுக்கு அப்பியிருந்தது. லேசாகத் தொட்டதற்கே ரத்தம் கசிந்தது. இப்படிப் புண்ணாகக் கிடக்கிற வாயில் ஆபரேஷன் செய்தால் தையல் நிற்காது, முதலில் ஈறு ஆறட்டும் என்று சொல்லி, எங்களைப் பக்கத்து அறைப் பல் டாக்டரம்மாவிடம் அனுப்பிவிட்டார். கலர் பாட்டில் கைநழுவிப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓவென்று அழுதேன்.

பாப்பாவுக்குப் பல்லே விளக்கிவிடுவதில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“அதெப்படீங்க டாக்டரம்மா?” என்றார் அப்பா. “கைய உட்டுத் தேச்சா உதட்டுத் தையல் பிரிஞ்சு போயிருமுங்களே. ஒரு கண்ணி உட்டாப் போதுமுங்க, அப்பறம் புடிச்சு நிறுத்த முடியாதுங்க.”

டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “அந்த நூலையெல்லாம் வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே எடுத்திருப்பாங்களே. சதையோட சதை சேர்ந்து வளர்ந்தாச்சு. இப்ப அங்க நூலே கிடையாது.”

“நூலே இல்லீங்களா?”

அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் நர்ஸ் ஒருத்தர் என்னை உள்ளே தூக்கிக்கொண்டு போனாராம், நான் வீரிட்டு அழுதேனாம். “அழுவறது தாங்காம நாங் காதப் பொத்திக்கிட்டு வெளிய நின்னனுங்க. உள்ளார என்ன பண்ணுனாங்கன்னு எனக்கென்னங்க தெரியும்?” என்றாள். இல்லாத நூலுக்கு அப்பா இத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் அழுகையை விட்டுவிட்டு வாயை அகலத் திறந்து சிரித்து, பழக்கதோஷத்தில் பாதியிலேயே மூடிக்கொண்டேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கோணல் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள், பிளவு ஓரத்து எலும்பைப் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்றார் டாக்டரம்மா. ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், சுத்தமாக வைத்திருந்தால் தானாக நிற்கும். சின்ன பிரஷ் ஒன்று வாங்குங்கள். பிரஷ் போகாத சந்தில், மெத்தென்ற துணியை விரலில் சுற்றி ஈரமாக்கித் துடையுங்கள். அந்த மாதிரித் துணி கிடைக்குமா என்று வேறு கேட்டார். திருப்பூர்க்காரரிடம் கேட்கிற கேள்வியா!

மறுநாளிலிருந்து கம்பெனியின் வெள்ளைக் கழிவுத் துணி எங்கள் வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் வெந்தது. காலையில் ஒரு தடவை, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தடவை, அப்பாவே விரலில் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார். முதலில் துணி சிவப்பாகும், அப்பாவின் முகம் வெளுக்கும். போகப் போகத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. ஈறும் வற்றி இறுகிவிட்டது. மழைக்காலம் தொடங்கும் முன் அண்ணத்தை அடைத்துவிட்டார்கள். புண் ஆறியதும் மாமன் கலர் வாங்கித் தந்தார். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அந்தக் கோணல் பல் இன்றைக்கும் என் வாயில் கெட்டியாக இருக்கிறது.

அதெல்லாம் பிற்பாடு. நூல் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு, பஸ்ஸில் திரும்பி வரும்போது நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜன்னலோரம் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உதட்டிலிருந்து மூக்கு வரைக்கும் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். திரும்ப ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி. அதன் பிறகு சட்டென்று இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று அழுத்தமாக முத்தம் கொடுத்தார். மீசை குத்தியது. கம்பெனியில் துணியை இழுத்துப் பார்ப்பதுபோல, நூலில்லாத தையல் தாங்குகிறதா என்று சோதிக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

“தாங்குச்சாப்பா?” என்று கேட்டேன்.

“தாங்கிருச்சு அம்முணி” என்றவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

அதை நம்பி, அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி ஊதிவிட்டேன். காற்றில் பாதி மூக்கு வழியாகப் போயிற்று. விடாமல் ஊதினேன். அவிநாசி தாண்டியும் அந்தத் தூசி போகவே இல்லை.